வந்தவை: குடியாத்தத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று ஷெல் ஸ்கிரிப்ட்

குடியாத்தம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அக்காவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எனக்குச் சொந்த அக்கா இல்லை. பள்ளியில் படிக்கும்போது ஹால் டிக்கெட் நகல் எடுக்கப் போன பழக்கம், அப்படியே ஒட்டிக்கொண்டது. பலகையில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் நகல் எடுப்பது இப்போது அங்கே பாதி வேலைகூட இல்லை. அரசு வேலை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வருமானச் சான்று, பட்டா எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. பேரணாம்பட்டு, பரதராமி, கே.வி.குப்பம், மாதனூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். பீடி சுற்றுகிற வீடு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற வீடு, லுங்கித் தறி ஓடுகிற வீடு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அந்த வீட்டுக் காகிதங்கள் முழுவதும் ஒரு துணிப்பையில் அக்கா கடைக்கு வந்து சேரும்.

நான் காட்பாடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கடைக்காக ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். முதலாவது தினமும் உழைக்கிறது. இரண்டாவது சின்னது, பரவாயில்லை. மூன்றாவது அக்காவின் கணக்கு ஃபைலை அழித்தது. இன்றைக்கு அந்த மூன்றாவது ஸ்கிரிப்ட் கடையில் இல்லை, அது செய்த வேலையை வேறு எந்த ஸ்கிரிப்ட்டும் செய்வதில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் இரண்டு கணினிகள். முன்னால் இருப்பது 4 ஜிபி நினைவகமும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பழைய பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன்பே அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அக்காவோடு கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள், கல்லூரி இரண்டாம் ஆண்டு, மாலையிலும் விடுமுறை நாளிலும் வருவாள். பொங்கல் முடிந்த வாரம் அக்கா கேட்டார்கள்: "தம்பி, இந்த போட்டோவைச் சின்னதாக்கற வேலைய மட்டும் கம்ப்யூட்டரே பார்த்துக்காதா? ஒவ்வொண்ணுக்கும் எம்மா நேரம் ஆவுது பாரு."

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கையால் தட்டுகிற கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலை ஓடவிடுவதுதான். சமையல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி: முதலில் இது, அப்புறம் இது, இது இல்லாவிட்டால் நிறுத்து. அந்தக் கட்டளைகளைப் படித்துச் செய்கிற நிரல்தான் ஷெல். அந்தப் பெட்டியில் இருக்கிற ஷெல்லின் பெயர் பாஷ். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக ஸ்டீபன் பார்ன் எழுதி 1979-இல் வெளிவந்த ஷெல்லைப் பின்பற்றி, 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. அன்று எழுதிய எளிய ஸ்கிரிப்ட்டுகள் பல இன்றும் மாற்றமில்லாமல் ஓடும். அக்கா கடை மாதிரி இடத்துக்கு அது முக்கியம். வருடத்துக்கு ஒரு தடவை திருத்திக் கொடுக்க ஆள் தேவைப்படுகிற எதையும் அங்கே வைக்கக் கூடாது.

எழுதுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டேன். யார் என்ன கேட்டார்கள், அக்கா எத்தனை தடவை கிளிக் செய்தார்கள், எங்கே காத்திருந்தார்கள் என்று. அன்று வந்த 41 பேரில் 17 பேருக்குப் புகைப்படமும் கையெழுத்தும் அளவு குறைக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் படம் வரும், அக்கா இறக்குவார்கள், படம் திருத்தும் மென்பொருளைத் திறப்பார்கள், வெட்டுவார்கள், சேமிப்பார்கள், அளவு பார்ப்பார்கள். 62 கேபி என்று காட்டும். மறுபடி முதலிலிருந்து. ஆறு, ஏழு நிமிடம். படம் சரியாக வந்த பிறகு அதை விண்ணப்பத்தில் ஏற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கோடுகள் இல்லாமல் என் போக்கில் எழுதியிருந்தால் விண்ணப்பத்தைத் தானாக நிரப்புகிற ஏதோ ஒன்றைத்தான் எழுதியிருப்பேன். அது வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். தன் பெயரும் பிறந்த தேதியும் எப்படிப் பதிகிறது என்பதை அந்தப் பிள்ளை திரையில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வேகம் தேவையில்லை.

படம்சுருக்கு

முதல் ஸ்கிரிப்ட்டுக்குப் பெயர் படம்சுருக்கு. ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைத்தேன், வெளியே வருகிற செய்திகளும் தமிழ்தான். உள்ளே இருக்கிற மாறிகளின், அதாவது ஃபைல் பெயர் போன்ற மதிப்பைப் பிடித்துவைக்கிற இடங்களின், பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும், பாஷ் அங்கே தமிழை ஏற்பதில்லை. மேசைத்திரையில் 'வந்தவை' என்று ஒரு ஃபோல்டர். பிரவுசர் இறக்குவதும் ஸ்கேனர் எடுப்பதும் அங்கேதான் விழும். ஐகானைத் தட்டினால் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு படத்தையும் எடுத்து, இமேஜ்மேஜிக் என்ற கருவியிடம் கொடுக்கும். பாஸ்போர்ட் படத்துக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் 413க்கு 531 பிக்சல். 50 கேபிக்கு மேல் போகாதே என்று இமேஜ்மேஜிக்கிடம் சொன்னால், தரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பொருந்துகிற இடத்தில் நிறுத்தும். கடையில் நான் 45 என்று வைத்திருக்கிறேன். ஒரு கேபி என்பது 1000 பைட்டா 1024 பைட்டா என்பதில் எல்லாத் தளமும் ஒன்றுபோல் இல்லை, ஓரத்தில் நிற்பானேன்.

எழுத ஒரு மணி நேரம். ஒழுங்காக ஓட மூன்று வாரம். என்னுடைய கணினியில் 'படம்1', 'படம்2' என்று பெயர் வைத்துச் சோதித்திருந்தேன். கடையில் வருவது வாட்ஸ்அப் வைக்கிற நீளமான பெயர், நடுவில் தேதி, நேரம், நாலைந்து இடைவெளி. ஸ்கிரிப்ட்டில் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போடாவிட்டால், இடைவெளி வருகிற இடமெல்லாம் ஷெல் பெயரைத் துண்டாக்கிவிடும். ஒரு படத்தைக் கொடுத்தால் ஆறு ஃபைல் காணவில்லை என்று புகார் வரும். ஷெல் பழகுகிற எவருக்கும் முதல் வாரத்தில் நான் சொல்வது இந்த ஒன்றுதான்: மாறி என்றால் மேற்கோள் குறி. யோசித்துப் பார்த்துப் போடாமல் விடலாம் என்று தோன்றும் இடத்திலும் போடு.

அடுத்தது படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. போனில் நிமிர்த்தி எடுத்த படம் பல நேரம் உள்ளே படுத்தபடிதான் சேமிக்கப்பட்டிருக்கும். நிமிர்த்திக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். எடுத்த இடம், நேரம் எல்லாம் படத்தோடு போக வேண்டாம் என்று நான் அந்தக் குறிப்புகளை மொத்தமாக உதிர்த்துவிட்டேன். அதோடு நிமிர்த்துகிற குறிப்பும் போனது. முதலில் குறிப்பைப் பார்த்துப் படத்தையே திருப்பு, பிறகு உதிர்த்துவிடு என்று இரண்டு வரியாக்கியதும் சரியானது.

கையெழுத்துதான் எதிர்பாராத சிக்கல். வெள்ளைத் தாளில் நீல மையில் நாலு கோடு. சுருக்கினால் 6 கேபிக்கு வந்து நிற்கிறது. சில தளங்கள் மேல் வரம்பு மட்டும் அல்ல, கீழ் வரம்பும் வைத்திருக்கின்றன, 10 கேபிக்குக் குறைந்தால் ஏற்காது. இமேஜ்மேஜிக்கிடம் அதிகபட்சம் சொல்லலாம், குறைந்தபட்சம் சொல்ல வழியில்லை. அதனால் சுருக்கிய பின் ஸ்கிரிப்ட்டே அளவைப் பார்க்கும். குறைவாக இருந்தால் பிக்சலைக் கொஞ்சம் கூட்டி மறுபடி செய்யும். மூன்று தடவைக்குப் பிறகும் ஆகாவிட்டால் ஒரு பெட்டி திறந்து "கையெழுத்து ரொம்பச் சின்னதாக வருகிறது, தடிமனான பேனாவில் போட்டு மறுபடி ஸ்கேன் செய்யவும்" என்று சொல்லும். அந்தப் பெட்டியைக் காட்டுவது ஜெனிட்டி என்கிற சின்னக் கருவி. டெர்மினலை அக்கா இன்றுவரை திறக்கவில்லை, திறக்க வேண்டிய தேவையும் வரக் கூடாது.

இரண்டாவது ஸ்கிரிப்ட், ஸ்கேன் எடுத்த சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் ஆக்குவது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் அந்த வேலையைச் செய்கிறது, அளவும் குறைக்கிறது. அதில் ஒரே ஒரு பாடம்: 1, 2 என்று எண் வைத்தால் ஷெல் வரிசையில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும், 2 அதற்குப் பிறகுதான். பத்துப் பக்கத்துக்கு மேல் போன அன்றைக்குச் சாதிச் சான்றிதழ் மதிப்பெண் பட்டியலின் நடுவில் புகுந்துவிட்டது. 001, 002 என்று வைத்ததும் தீர்ந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற எல்லோருக்கும் பயன்படும். கடையில் ஃப்ளெக்ஸ் வேலைக்கு ஊர் வாரியாக ஃபோல்டர் உண்டு. ஒருநாள் 'கொணவட்டம்' என்று இரண்டு ஃபோல்டர் அடுத்தடுத்து இருந்தன, எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாதே என்று உள்ளே பைட்டுகளைப் பார்த்தேன். 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. இரண்டு பேர் இரண்டு வகை விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள். அதேபோல் லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட் வரைதான் இருக்கலாம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதாவது 85 குறி. 'கி' என்பதே இரண்டு குறி என்பதால் நாற்பது, ஐம்பது எழுத்திலேயே "பெயர் நீளம்" என்று மறுத்துவிடும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஃபைல் பெயரில் எழுதுகிற வழக்கம் அக்காவுக்கு. அப்புறம் தேதியும் டோக்கன் எண்ணும் மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ராத்திரிசுத்தம்

மார்ச்சில் அக்கா வேறு ஒரு கவலையைச் சொன்னார்கள். வந்தவை ஃபோல்டரில் நாள் முழுக்க ஆதார், மதிப்பெண் பட்டியல், பெண் பிள்ளைகளின் புகைப்படம், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்கிறது. மறந்துபோய் விட்டுவிட்டால் மறுநாள் பென் டிரைவ் செருகுகிறவர் கண்ணில் படும். "நம்பிக் குடுத்துட்டுப் போறாங்கோ தம்பி. கடை சாத்தறப்ப ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார்கள்.

மூன்று வரி எழுதினேன். முதல் வரி இது பாஷ் ஸ்கிரிப்ட் என்று சொல்வது. இரண்டாவது, சிடி கட்டளையால் வந்தவை ஃபோல்டருக்குள் போ. மூன்றாவது, ஆர்எம் கட்டளையால் இங்கே இருக்கிற ஃபைல் எல்லாவற்றையும் அழி. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓடவிடுகிற கிரான் என்ற கருவியில் 45 20 * * * என்று வைத்தேன், அதாவது தினமும் இரவு 8.45. கடை 9 மணிக்குச் சாத்துகிறார்கள். கணினி அணைந்திருக்கிற நேரத்தில் கிரான் வேலையை விட்டுவிடும், பிறகு எழுந்து செய்யாது, அதனால் சாத்துவதற்குக் கால் மணி முன்னால்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது.

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து கடையில் நிற்க இடமில்லை. வேலை செய்கிற பெண், குழப்பம் வேண்டாம் என்று வந்தவை ஃபோல்டரின் பெயரை 'வந்தவை பழசு' என்று மாற்றி, 'சேர்க்கை' என்று புது ஃபோல்டர் போட்டு, பிரவுசரையும் அதற்குத் திருப்பிவிட்டாள். அவள் செய்ததில் தப்பே இல்லை, ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? அன்று இரவு 8.45-க்கு ஸ்கிரிப்ட் ஓடியது. இரண்டாவது வரியில் வந்தவை ஃபோல்டரைத் தேடியது, இல்லை. ஒரு வரி தோற்றாலும் ஷெல் நிற்காது, அடுத்த வரிக்குப் போகும். அதன் இயல்பே அது. கிரான் வேலையைத் தொடங்குகிற இடம் பயனரின் ஹோம் ஃபோல்டர், அவருடைய எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கிற ஃபோல்டர். மூன்றாவது வரி அங்கே நின்றுகொண்டு, இங்கே இருக்கிற ஃபைல் எல்லாவற்றையும் அழித்தது. தோற்றதைப் பற்றிய செய்தி யாரும் திறக்காத உள்ளூர் அஞ்சலுக்குப் போயிருக்கலாம், அங்கே யார் பார்ப்பது.

ஆர்எம் கட்டளையை ஃபோல்டர்களைத் தொடாத வகையில் எழுதியிருந்ததால் உள் ஃபோல்டர்கள் தப்பின. ஆனால் கணக்கு ஃபைல் ஹோமிலேயே கிடந்தது. முதல்முறை சேமிக்கும்போது அதுவாகக் காட்டிய இடம், அக்கா அங்கேயே விட்டுவிட்டார்கள். யார் எவ்வளவு பாக்கி, ஃப்ளெக்ஸுக்கு யார் முன்பணம் கொடுத்தது, பேப்பர் கடைக்கு எவ்வளவு தர வேண்டும், எல்லாம் அதில்தான். கூட முடிக்காத பத்திரிகை வடிவமைப்புகள். ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது. "இன்னா தம்பி, கணக்கு கீதா இல்லியா, ஒண்ணும் தெரியலியே." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உடனே பெட்டியை அணைக்கச் சொன்னேன். அழித்த ஃபைலின் உள்ளடக்கம் உடனே டிஸ்க்கை விட்டுப் போவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை எடுக்க வாய்ப்பு உண்டு, அதனால் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக விழக் கூடாது.

மறுநாள் வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளியே பம்பைச் சத்தம். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓடவிட்டு, கிடைப்பதை என்னுடைய தனி டிஸ்க்கில் எழுத வைத்தேன். ஃபோட்டோரெக் ஃபைலின் பெயரைத் தேடாது. டிஸ்க்கின் காலி இடத்தை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், இது படத்தின் தொடக்கம், இது கணக்குத் தாளின் தொடக்கம் என்று உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும். பெயர் போய் எண்தான் மிஞ்சும். மத்தியானத்துக்கு மேல் கணக்கு ஃபைலின் பல பிரதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கடைசித் தேதியைப் பார்த்தோம். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு வரை எழுதியது கிடைத்துவிட்டது. அந்த இரண்டு நாளை அக்கா நினைவிலிருந்தும் பில் புத்தகத்திலிருந்தும் எழுதிக்கொண்டார்கள். பத்திரிகை வடிவமைப்பு ஒன்று திரும்பவே இல்லை, அதை மறுபடி செய்தோம்.

மீட்டபோது வந்தவை

கணக்கு கிடைத்த நிம்மதியில் மற்ற ஃபோல்டர்களைப் பார்த்தேன். ஃபோட்டோரெக் எடுத்துக் குவித்திருந்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆதார் அட்டைகள். முன்பக்கம், பின்பக்கம். சாதிச் சான்று, மாற்றுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பாஸ்போர்ட் அளவில் பிள்ளைகளின் முகங்கள். அக்கா இரண்டு வருடமாகக் கையால் அழித்தவையும், என் ஸ்கிரிப்ட் இரண்டு மாதமாக இரவு இரவாக அழித்தவையும்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நாம அழிச்சது எதுவுமே அழியலியா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை முழுவதும் மாறியது. அதுவரை நான் அந்த மூன்று வரியை எப்படித் திருத்துவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். திருத்தமும் தெரிந்ததுதான். சிடி தோற்றால் அங்கேயே வெளியேறு என்று அதே வரியில் சேர்க்க வேண்டும். 'இங்கே இருப்பதை' என்று சொல்லாமல் முழுப் பாதையையும் எழுத வேண்டும். ஒரு வரி தோற்றால் நில், இல்லாத மாறியைத் தொட்டால் நில் என்று தொடக்கத்தில் சொல்லிவைக்கலாம், ஆனால் அந்த நிறுத்தம் செல்லாத இடங்கள் உண்டு, அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதல் வாரம் ஆர்எம் என்ற சொல்லுக்கு முன்னால் எக்கோ போட்டு ஓட்டினால், அழிக்காமல் எதையெல்லாம் அழிப்பேன் என்று மட்டும் சொல்லும். நேராக அழிக்காமல் தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஏழு நாள் கழித்து ஃபைண்ட் கட்டளையால் அழிக்கலாம். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். அழி என்பதை நிபந்தனைக்கு முன்னால் எழுதிவிட்டால் நிபந்தனையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். இவையெல்லாம் அழிக்கிற ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டியவை, நானும் எழுதியிருக்க வேண்டியவை.

ஆனால் இத்தனையும் செய்தாலும் அந்த ஆதார் அட்டைகள் டிஸ்க்கில்தான் இருந்திருக்கும். ஸ்கிரிப்ட்டை எவ்வளவு கவனமாக எழுதினாலும் அக்கா கேட்டது கிடைத்திருக்காது. மேலே எழுதி அழிக்கிற ஷ்ரெட் என்ற கருவி இருக்கிறது, ஆனால் இப்போதைய ஃபைல் அமைப்புகளிலும் எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கிலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது. டிஸ்க்கில் எழுதிவிட்டு அழிப்பதைவிட, டிஸ்க்கில் எழுதாமலே இருந்தால் என்ன?

லினக்ஸில் டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒன்று உண்டு. பார்க்க சாதாரண ஃபோல்டர், இருப்பது நினைவகத்தில். மின்சாரம் போனால் உள்ளே இருந்தது எதுவும் இல்லை. அமைப்பு ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்து, வந்தவை ஃபோல்டரை 512 எம்பி அளவில் நினைவகத்துக்கு மாற்றினேன். இரவு கணினியை அணைத்தால் ஃபோல்டர் காலி. கிரான் வேண்டாம், ஆர்எம் வேண்டாம். ராத்திரிசுத்தம் ஸ்கிரிப்ட்டை எடுத்துவிட்டேன்.

சுற்றுவேலை கொஞ்சம் இருந்தது. நினைவகம் நெருக்கடியானால் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருப்பதும் ஸ்வாப்புக்குப் போகும், அதாவது நினைவகம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிவைத்திருக்கிற இடத்துக்கு. அதனால் ஸ்வாப்பை நிறுத்தினேன். 4 ஜிபியில் அது கொஞ்சம் இழுபறிதான், பிரவுசரில் பத்துத் தாவல் திறந்துவைக்கிற பழக்கத்தை விட வேண்டியிருந்தது. ஃபைல் மேனேஜர் ஒவ்வொரு படத்துக்கும் சின்னப் படம் ஒன்றைத் தனியாகச் சேமித்துவைக்கும், மூலப் படம் போனாலும் அது இருக்கும். ஆதார் எண்ணைச் சின்னப் படத்தில் படிக்க முடியாவிட்டாலும் முகம் தெரியும். அதையும் நினைவகத்துக்கு மாற்றினேன். பிரவுசரை மூடும்போது தற்காலிகச் சேமிப்பு காலியாகும்படி வைத்தேன். பழைய குப்பைக்கு, ஸ்வாப் ஃபைலை எடுத்த பிறகு, டிஸ்க்கின் காலி இடம் நிரம்பும் வரை வெறும் பூஜ்யத்தை எழுதி, அந்த ஃபைலை அழித்தேன். ஓர் இரவு ஓடியது. காலையில் மறுபடி ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பார்த்தேன், ஆதார் படம் ஒன்றும் வரவில்லை. மீட்டெடுத்து வைத்திருந்த என் தனி டிஸ்க்கையும் அதேபோல் பூஜ்யம் எழுதித் துடைத்தேன். அதை மறந்திருந்தால் பிரச்சினை என் வீட்டு அலமாரிக்கு இடம் மாறியிருக்கும்.

மின்வெட்டு வந்தால் பாதி வேலையில் படங்கள் போய்விடுமே என்று நானே தயங்கினேன். அக்காதான், "ஆளு எதிர்ல தானே நிக்கறாங்க, மறுபடி அனுப்பச் சொல்லலாம்" என்றார்கள். இன்னொன்றையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள்: மறுநாள் வந்து "நேத்து குடுத்த போட்டோ இருக்கா" என்று கேட்பவர்கள் உண்டு, மாதனூரிலிருந்து வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அதற்கு 'வை' என்று ஓர் ஐகான். தட்டினால் டோக்கன் எண் கேட்கும், வாடிக்கையாளர் சம்மதித்த ஃபைலை மட்டும் கடவுச்சொல் உள்ள ஓர் இடத்தில் வைக்கும். ஏழு நாள் ஆனவற்றின் பட்டியலைக் காலையில் காட்டும், அழிக்கட்டுமா என்று கேட்கும். தானாக அழிக்காது. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைப் பற்றியும் கல்லா மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள், ஏற்கிற இடத்துக்கு அதையே கொடுக்கச் சொல்லி.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மறுபடி நோட்டோடு உட்கார்ந்தேன். புகைப்பட வேலை ஒன்றுக்கு ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு. கையெழுத்துக்கு மட்டும் நாலில் ஒன்று மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. கூட்டம் குறையவில்லை. ஓடிபி வருவதற்கும், தளம் திறப்பதற்கும் நிற்கிற நேரம் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எந்த ஸ்கிரிப்ட்டும் உதவாது. கணக்கு ஃபைலை இப்போது தனி ஃபோல்டரில் வைத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு தினமும் ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுக்கிறோம். பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால் பெட்டி திறந்து கேட்கும்.

அன்று மாலை வேலை செய்கிற பெண் தானே எழுதிய ஒன்றைக் காட்டினாள். ஃப்ளெக்ஸ் ஃபோல்டர்களில் ஆறு மாதமாகத் தொடாதவற்றைத் தனியாகப் பட்டியல் போடுவது, ஒன்பது வரி. மாறிகள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி இருந்தது. சிடி வரியின் கடைசியில், தோற்றால் வெளியேறு என்று எழுதியிருந்தாள். அழிக்கிற வரி எங்கே என்று கேட்டேன். "அது எதுக்குண்ணா, லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து அக்காகிட்ட குடுத்துடறேன்" என்றாள்.